வரம்பில் நடப்பவரின் மூளை

திருகோணமலை மாவட்டத்துக் கிளிவெட்டியில் காலையில் மண்வெட்டியைத் தோளில் போட்டுக்கொண்டு வக்கடை கட்டப் போகும் ஒரு விவசாயியைக் கவனியுங்கள். ஓரடி அகல வரம்பு, இரவு மழையில் ஊறிக் கிடக்கிறது. அவர் வழுக்காமல் நடக்கிறார். பக்கத்து வயல்காரரோடு பசளை விலை பேசுகிறார். எந்தப் பாத்திக்கு முதலில் தண்ணீர் விடுவது என்றும் யோசிக்கிறார். இவ்வளவையும் நடத்துவது ஏறத்தாழ 1.4 கிலோ எடையுள்ள மூளை. உடல் எடையில் அது 2 வீதம்தான். ஆனால் உடல் செலவழிக்கும் ஒட்சிசனில் 20 வீதத்தை அதுவே எடுத்துக்கொள்கிறது. அதனால்தான் இரத்த ஓட்டம் சில நிமிடம் தடைப்பட்டாலும் மூளை தாங்காது. இரத்தக்கட்டியாலோ இரத்தக்கசிவாலோ வரும் அந்தத் தடையைத்தான் பாரிசவாதம் என்கிறோம். எந்த இடத்தில் இரத்தம் நின்றதோ, அந்த இடத்தின் வேலை நின்றுபோகும்.

மூளையின் பெரும்பகுதி பெருமூளை. நம் பிள்ளைகளின் பாடப்புத்தகத்தில் இதற்கு மூளையம் என்று பெயர். இடது, வலது என்று இரு பாதிகள். இடப்பாதி உடலின் வலப்பக்கத்தை இயக்கும், வலப்பாதி இடப்பக்கத்தை இயக்கும். திட்டமிடுவதும் முடிவெடுப்பதும் நெற்றிப் பக்கத்து வேலை. கைகாலை அசைக்கும் கட்டளையும் அங்கிருந்தே வருகிறது.

பேச்சு பெரும்பாலானோருக்கு இடப்பாதியில் இருக்கிறது. 1861 இல் பாரிஸில் புரோக்கா என்ற மருத்துவர் ஒரு நோயாளியைப் பார்த்தார். அந்த நோயாளியின் வாயில் வந்தது ‘டான்’ என்ற ஒரே அசைதான், ஆனால் பிறர் சொன்னது அவருக்கு விளங்கியது. அவர் இறந்தபின் மூளையைப் பார்த்தபோது இடது முன்பகுதியில் சிதைவு இருந்தது. 1874 இல் வெர்னிக்கே என்ற இன்னொரு மருத்துவர் இதற்கு எதிரான நிலையை விவரித்தார். இடப்பக்கம் காதுக்கு மேலே சற்றுப் பின்னால் பழுதானவர்கள் சரளமாகப் பேசுவார்கள். பேச்சில் பொருள் இராது, நாம் சொல்வதும் விளங்காது. இப்படிப்பட்டவரைப் பார்த்து ‘புத்தி பேதலித்துவிட்டது’, ‘செய்வினை’ என்று சொல்வது பெரிய அநியாயம். பேச முடியாமல் கிடப்பவருக்கு நம் பேச்சு முழுவதும் விளங்கிக்கொண்டிருக்கலாம். அவர் தலைமாட்டில் நின்று சாவைப் பற்றியும் காணி பிரிப்பதைப் பற்றியும் பேசாதீர்கள்.

உச்சிப்பக்கம் தொடுகைக்குரியது. உடலின் ஒவ்வொரு உறுப்புக்கும் அங்கே ஓர் இடம் உண்டு, உறுப்பு போனாலும் அந்த இடம் போகாது. போரில் காலை இழந்தவர்கள் நம் மாவட்டத்தில் பலர். இல்லாத காலின் பெருவிரல் கடிக்கிறது, வலிக்கிறது என்று அவர்கள் சொல்வது உண்மையான வலி. தமிழ்நாட்டில் பிறந்த நரம்பியல் அறிஞர் வி. எஸ். இராமச்சந்திரன் 1990களில் கையை இழந்தவர்களுக்காக ஒரு கண்ணாடிப் பெட்டி செய்தார். இருக்கும் கையின் பிம்பம் இல்லாத கையின் இடத்தில் தெரியும்படி அதை அமைத்தார். அதைப் பார்த்துக் கையை அசைத்தபோது சிலருக்கு வலி தணிந்தது.

வலது உச்சிப்பக்கம் பழுதானால் இடப்பக்கத்து உலகமே கவனத்திலிருந்து மறைந்துவிடும். கோப்பையின் வலப்பாதிச் சோற்றைச் சாப்பிட்டுவிட்டு, இடப்பாதியை அப்படியே வைத்துவிட்டு எழும்புவார்கள். பார்வையைப் புரிந்துகொள்ளும் இடம் பின்மண்டையில். கேட்டலும் புதிய நினைவுகளைப் பதியும் வேலையும் காதோரப் பகுதியில்.

பின்மண்டைக்குக் கீழே இருப்பது சிறுமூளை, பாடப்புத்தகத்தில் மூளி. எடையில் மூளையின் பத்தில் ஒரு பங்குதான். ஆனால் மூளையின் நரம்புக் கலங்களில் பாதிக்கு மேல் இங்கேதான் இருக்கின்றன. வரம்பில் வழுக்காமல் நடக்க வைப்பது இது. இது பழுதானால் கைகாலில் பலம் இருந்தாலும் குடித்தவர் போலத் தள்ளாடுவார். வெறி என்று ஒதுக்கி வைத்துவிடுவோம்.

மூளைத்தண்டு கடைசி. பருமனில் பெருவிரல் அளவுதான், ஆனால் மூச்சும் இதயத்துடிப்பும் விழுங்குவதும் அதன் பொறுப்பில். பாரிசவாதம் வந்தவர்களில் பலருக்கு விழுங்குவது குழம்பிவிடும். அந்த நேரம் வாயில் ஊற்றும் தண்ணீர் நுரையீரலுக்குள் போகலாம். கோப்பி, கசாயம் எதுவும் கொடுக்கவேண்டாம்.

முகம் ஒரு பக்கம் கோணினாலோ, ஒரு கை தூக்க முடியாமல் விழுந்தாலோ, பேச்சுக் குழறினாலோ, திடீரென்று தள்ளாடினாலோ, அது பாரிசவாதமாக இருக்கலாம், முதலில் மணியைப் பாருங்கள். இரத்தக்கட்டியைக் கரைக்கும் ஊசியை நாலரை மணித்தியாலத்துக்குள் போட வேண்டும். கட்டியா, இரத்தக்கசிவா என்பது ஸ்கான் எடுத்தால்தான் தெரியும், ஆகவே வீட்டில் அஸ்பிரின் கொடுக்கவும் கூடாது. எண்ணெய் பூசிப் பார்ப்போம், விடியட்டும் என்று இருப்பதுதான் ஆளைப் படுக்கையில் தள்ளுகிறது. சிகிச்சை இல்லாமல் போகும் ஒவ்வொரு நிமிடத்திலும் ஏறத்தாழ 19 இலட்சம் நரம்புக் கலங்கள் இறக்கின்றன. திருகோணமலைக்குப் போகும் வழியில் கிண்ணியாவில் படகுப்பாதைக்குக் காத்திருந்த காலம் 2009 இல் பாலம் திறந்ததோடு முடிந்துவிட்டது. சுவசெரிய அம்புலன்ஸ் காசில்லாமல் வரும், இலக்கம் 1990. அறிகுறி தொடங்கிய நேரத்தை ஒரு துண்டில் எழுதி நோயாளியோடு அனுப்புங்கள். வைத்தியர் முதலில் கேட்பது அதைத்தான்.