ஹவாயித் தீவில் நம் ஊர் மரங்கள்

தென்மேற்குப் பருவத்து மேகங்கள் தங்கள் சரக்கையெல்லாம் மலைக்கு அப்பால் இறக்கிவிட்டு, ஆமத்தூருக்கு வெறுங்கையுடன் வந்து சேர்கின்றன. உழவு ஒழிந்த நிலத்திலெல்லாம் சீமைக் கருவேல் மண்டுகிறது.

பசிபிக் மகாசமுத்திரத்தின் நடுவிலுள்ள ஹவாயித் தீவுகளிலும் இதே கதைதான் என்றால் நேயர்கள் வியப்படையலாம். அங்கே காற்று வடகிழக்கிலிருந்து வீசுகிறது. எரிமலைகளின் ஒரு பக்கம் அடைமழை. மறு பக்கம் வறட்சி. அந்த வறண்ட சரிவுகளில் ஒரு காலத்தில் அருமையான வனம் இருந்தது. கோடையில் அதன் மரங்கள் சில மொட்டையாய் நிற்கும். பட்டுப்போன காடென்று எண்ணிவிடலாகாது. இலையை உதிர்ப்பது மரத்தின் சிக்கனம்.

அவ்வனத்து விலிவிலி மரம் நம் கல்யாண முருங்கைக்கு நெருங்கிய பங்காளி. இலையற்ற கிளைகளில் பூத்துக் குலுங்கும். அதன் இலேசான கட்டையைத் தீவினர் படகு மிதவைகளுக்குப் பயன்படுத்தினர்.

ஆதிக் குடியேறிகள் பயிருக்காக எரித்தது போக மிஞ்சியதைக் கால்நடைகள் அழித்தன. 1793-இல் வான்கூவர் என்ற ஆங்கிலக் கப்பல் தலைவர் கமேஹமேஹா ராஜாவுக்கு மாடுகளை வெகுமதியாக அளித்தார். அவற்றைக் கொல்லலாகாதென்று ராஜா தடை விதித்தார்! மந்தைகள் காட்டு மாடுகளாய்ப் பெருகின. மேயும் பிராணியையே கண்டறியாத செடிகள் என்ன செய்யும்? பின்னர் ஆப்பிரிக்கப் புல் ஒன்று வந்தது. தீப்பிடித்தால் புல் மறுபடி தழைக்கிறது, மரங்கள் மீள்வதில்லை.

1828-இல் பாச்லோ என்ற பாதிரியார் ஹொனலூலுவில் ஒரு மரம் வைத்தார். அது சீமைக் கருவேலின் உடன்பிறப்பு. நிழல் தந்தது, தேனும் கரியும் தந்தது. வறண்ட கடற்கரைச் சமவெளிகளையும் கைப்பற்றிக்கொண்டது. அதைத் துஷ்டனென்று மட்டும் சொல்வது நியாயமாகாது. நம் ஊரிலும் அதை நம்பி உலை வைக்கும் குடும்பங்கள் உண்டல்லவா?

2005-இல் எள்ளினும் சிறிய குளவி ஒன்று புகுந்து விலிவிலித் தளிர்களை முண்டு முண்டாக வீங்கச் செய்தது. தான்சானியாவிலிருந்து அதன் இயற்கைச் சத்துருவைத் தருவித்து, நன்கு பரீட்சித்த பின், 2008-இல் பறக்கவிட்டார்கள். மரங்கள் மீண்டும் இலை கண்டன.

மவுயித் தீவின் அவுவாஹிச் சரிவில் 1997-இல் தொடங்கிய முயற்சிதான் என் மனத்தைக் கவர்ந்தது. முதலில் வேலி, அடுத்து அந்நியப் புல்லை ஒழித்தல், உடனே, நம் குன்றுகளில் வளரும் அதே விராலிச் செடியை நெருக்கமாய் நட்டார்கள். அதன் நிழலில் வேறு கன்றுகளையும் வைத்தார்கள். சில ஆண்டுகளில் பூர்வீக மரங்களின் விதைகள் தாமாகவே முளைத்தன.

ஆமத்தூர்ப் பக்கம் கருவேலை வெட்டுகிறோம். அடுத்த மழைக்கு அடிக்கட்டை தளிர்க்கிறது. வெட்டிய இடத்தில் என்ன நடுவது என்ற பேச்சை மட்டும் அபூர்வமாகவே கேட்கிறேன்.