யாரும் சொல்லித் தராத வேலை

மாசி மகம் வந்தால் விருத்தாசலம் நிரம்பிவிடும். சென்னையிலும் திருப்பூரிலும் பிழைக்கப் போன பிள்ளைகள் ஊர் திரும்புவார்கள். பழமலைநாதரைக் கும்பிட்டுவிட்டு வீட்டுக்கு வந்ததும், திண்ணையில் உட்கார்ந்திருக்கும் தாத்தா எதிரில் குனிந்து, "நான் யாருன்னு தெரியுதா?" என்று கேட்பார்கள்.

பாசத்தில் கேட்கிற கேள்விதான். டிமென்ஷியா என்ற மறதி நோய் வந்தவருக்கு அது பரீட்சை. விடை தெரியவில்லை, ஆனால் தெரிந்திருக்க வேண்டும் என்று மட்டும் புரிகிறது. முகம் கலவரப்படுகிறது, சில சமயம் கோபமாக வெடிக்கிறது. "பெரிய பொண்ணு மவன் வந்திருக்கேன் தாத்தா" என்று தானே சொல்லிவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்தால் அந்தக் கலவரம் வராது. இதைக் கற்றுக்கொள்ள ஒரு நிமிடம் போதும். சொல்லித் தரத்தான் ஆள் இல்லை.

தொழில் கற்றுத் தருவதில் இந்த ஊருக்குப் பேர் உண்டு. இங்கே செராமிக் தொழிற்பேட்டை இருக்கிறது, செராமிக் படிப்புக்கென்றே அரசுக் கல்லூரியும் இருக்கிறது. களிமண் குழம்பில் எவ்வளவு தண்ணீர், பிளாஸ்டர் அச்சிலிருந்து பொம்மையை எப்போது எடுப்பது, சூளையில் சூட்டை எப்படிப் படிப்படியாக ஏற்றுவது என்று பழகிக்கொள்ளாமல் யாரும் வேலையில் இறங்குவதில்லை. ஆனால் டிமென்ஷியா வந்த மாமியாரை இரவும் பகலும், எட்டு வருஷமோ பத்து வருஷமோ பார்த்துக்கொள்ளும் வேலை, ஒரு நாள் பயிற்சிகூட இல்லாமல் மருமகள் தலையில் விழுகிறது. மகள் தலையில், அல்லது தானும் எழுபதைத் தாண்டிவிட்ட மனைவி தலையில்.

எத்தனை வீடுகளில் இப்படி? லாசி-டாட் என்ற தேசிய ஆய்வின் முடிவு 2023 இல் வெளியானது. இந்தியாவில் 60 வயது கடந்தவர்களில் 7.4 சதவீதம் பேருக்கு, ஏறத்தாழ 88 லட்சம் பேருக்கு, டிமென்ஷியா இருப்பதாக அது கணக்கிட்டது. ஆண்களைவிடப் பெண்களிடமும், நகரத்தைவிடக் கிராமத்திலும் அதிகம். பதிமூன்று பதினான்கு பெரியவர்களில் ஒருவர் என்றால், எந்தத் தெருவும் இதற்கு விலக்கில்லை.

"வயசானா அப்படித்தான்" என்ற பேச்சுதான் முதல் தடை. சாவியை எங்கே வைத்தோம் என்பதை மறப்பது வயது. சாவி எதற்கு என்பதே புரியாமல் போவது நோய். அதையும் உடனே டிமென்ஷியா என்று முத்திரை குத்திவிட முடியாது. வைட்டமின் பி12 குறைவு, தைராய்டு கோளாறு, மனச்சோர்வு, கீழே விழுந்ததில் மண்டைக்குள் ஏற்பட்ட ரத்தக்கசிவு இவையெல்லாம் டிமென்ஷியா போலவே தோன்றலாம், சிகிச்சையில் சரியாகவும் கூடும். அதனால் டாக்டரிடம் காட்டுவதைத் தள்ளிப் போடக் கூடாது.

பராமரிக்கிறவரை உள்ளுக்குள் நொறுக்குவது மலஜலம் அள்ளுவதல்ல. பழிதான். "என் தோட்டை எடுத்துக்கிட்டா" என்று மாமியார் பக்கத்து வீட்டில் போய்ச் சொல்கிறார். சாப்பிட்டுக் கை கழுவின ஈரம் காய்வதற்குள், "காலையிலேருந்து சோறே போடல" என்கிறார். ஊர் நம்புகிறது. வெளியூரிலிருந்து வரும் மகனும் சில சமயம் நம்புகிறான். நாள் முழுக்க உழைத்த பெண் திருடி என்றும் கொலைகாரி என்றும் பேர் வாங்குகிறாள்.

நடப்பது இதுதான். தோட்டைத் தலையணை உறைக்குள் ஒளித்து வைத்தது அவர்தான், அந்த நினைவு மூளையில் பதியவில்லை. தோடு இல்லை, அப்படியானால் யாரோ எடுத்திருக்க வேண்டும். அவர் மூளை அந்த ஓட்டையை இப்படி அடைக்கிறது. இதில் வஞ்சகம் எதுவும் இல்லை. இது புரிந்துவிட்டால் மருமகள், "நான் எடுக்கல அத்தை" என்று வாதாட மாட்டாள். "தோடு காணோமா? வாங்க அத்தை, ரெண்டு பேரும் தேடுவோம்" என்பாள். சோற்றுக்கும் அப்படியே: "இப்பதானே தின்னீங்க" என்று எதிர்த்துப் பேசாமல், ஒரு வாழைப்பழமோ அரை டம்ளர் மோரோ கையில் கொடுத்துவிடலாம். மகன்களுக்கும் அக்கம்பக்கத்துக்கும் இதே பாடத்தை நடத்தியாக வேண்டும். மருமகளுக்கு மட்டும் நடத்தினால் பாதிதான் முடிந்தது.

விளக்கு வைக்கிற நேரத்தில் பலருக்குப் பதற்றம் கூடும். சொந்த வீட்டில் உட்கார்ந்துகொண்டே "வீட்டுக்குப் போவணும்" என்பார்கள். இருட்டுவதற்கு முன்பே விளக்கைப் போட்டு, டிவி சத்தத்தைக் குறைத்து, கையில் ஒரு சின்ன வேலையைக் கொடுத்தால் பல நாள் அடங்கும். வெளியே நடந்துவிட்டால் ஆபத்து. இது ரயில் ஜங்ஷன் உள்ள ஊர். சென்னைக்கும் திருச்சிக்கும் சேலத்துக்கும் போகிற வண்டிகளில் எதில் வேண்டுமானாலும் ஏறிவிடலாம். சட்டைப் பையில் ஒரு சீட்டு, உடுப்பின் உள்பக்கம் போன் நம்பர், அண்மையில் எடுத்த ஒரு போட்டோ, இவை எந்த வீட்டாலும் முடியும்.

பேர் மறந்தவருக்கும் கை நெடுநாள் மறப்பதில்லை. அச்சிலிருந்து வந்த பொம்மையின் பிசிறு வழித்தே வாழ்நாளைக் கழித்தவரிடம் ஓர் உருண்டை களிமண்ணைக் கொடுத்துப் பார்க்கலாம். பூக் கட்டியவருக்கு நாரும் பூவும், சமைத்தவருக்கு ஒரு கைப்பிடி அவரைக்காய். ஒழுங்காக வர வேண்டும் என்பதில்லை. "சின்னப் புள்ளை மாதிரி ஆயிட்டாரு" என்று அவர் எதிரிலேயே சொல்லுவது எனக்குப் பிடிப்பதில்லை. அவர் பெரியவர்தான். மரியாதை குறைவது அவருக்குத் தெரிகிறது.

ஒன்றை மட்டும் மனப்பாடமாக வைத்துக்கொள்ள வேண்டும். ஒரே நாளில், ஒரே இரவில் குழப்பம் மோசமானால், அது நோய் முற்றியதாக இருக்காது. சிறுநீர்த் தொற்றோ சோடியம் குறைந்ததோ புது மாத்திரையோ காரணமாக இருக்கலாம். அன்றைக்கே ஆஸ்பத்திரி.

இதையெல்லாம் யார் சொல்லித் தருவது? கேரளத்தின் குன்னங்குளத்தில் டாக்டர் ஜேக்கப் ராய் 1992 இல் தொடங்கிய அல்சைமர் சங்கம் குடும்பங்களுக்குக் கற்றுத் தருவதைத் தன் வேலையாக எடுத்துக்கொண்டது. சென்னை அண்ணா நகரில், 1984 இல் தொடங்கிய ஸ்கார்ஃப் மனநல நிறுவனம் டிமென்ஷியாவுக்கென்று 'டெம்கேர்ஸ்' என்ற பிரிவை நடத்துகிறது. உலக சுகாதார நிறுவனம் 2019 இல் பராமரிப்பவர்களுக்காக 'ஐசப்போர்ட்' என்ற பாடநூலை வெளியிட்டது, 5 பகுதிகள், 23 பாடங்கள். பெங்களூர் நிம்ஹான்ஸ் அதை இந்தியாவுக்கு ஏற்ப மாற்றியிருக்கிறது. எல்லாம் நல்லவை. ஆனால் மாமியாரைத் தனியே விட்டுவிட்டுத் தெருமுனைக் கடைக்கே போக முடியாதவள் அண்ணா நகருக்கு எப்படிப் போவாள்?

பாடம் வீட்டுக்கு வர வேண்டும். கோவாவில் அதைச் செய்து பார்த்தார்கள். ஆய்வாளர் அமித் டயஸின் குழுவினர் இரண்டு தாலுகாக்களில் 81 குடும்பங்களை வைத்து நடத்திய ஆய்வு 2008 இல் வெளியானது. டாக்டர்களோ நர்ஸுகளோ அல்லாத உள்ளூர்க்காரர்களுக்குப் பயிற்சி கொடுத்து, ஆறு மாதம் வீடு வீடாக அனுப்பினார்கள். நோயை விளக்குவது, நடத்தையைச் சமாளிக்கும் வழி சொல்வது, பராமரிப்பவர் பேசுவதைக் கேட்பது, இவைதான் அவர்கள் வேலை. மனநல மருத்துவர் பின்னால் துணை நின்றார். பராமரிப்பவர்களின் மனநலம் தேறியது, பெரியவரின் நடத்தையால் அவர்கள் பட்ட வேதனை குறைந்தது.

தமிழ்நாட்டில் அந்த ஆள் ஏற்கெனவே வாசலில் நிற்கிறார். 2021 ஆகஸ்டில் கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில், அந்தந்தப் பகுதிப் பெண்கள் பிரஷர் மாத்திரையும் சர்க்கரை மாத்திரையும் வீட்டுக்கே கொண்டுபோய்க் கொடுக்கிறார்கள். பெரியவர்களின் முகம் அவர்களுக்குப் பழக்கம். அவர்களுக்கு டிமென்ஷியா பராமரிப்பில் முறையான பயிற்சி, அந்த வேலைக்குத் தனி ஊதியம், சந்தேகம் கேட்க அரசு மருத்துவமனையில் ஒரு டாக்டர். இந்த மூன்றையும் அரசு கொடுத்தால் விருத்தாசலத்தின் எந்தத் தெருவிலும் வகுப்பு தொடங்கிவிடலாம். ஊதியம் இல்லாமல் இன்னொரு சுமையாக ஏற்றினால் அது நடக்காது, நடக்கவும் கூடாது.

அது வரும்வரை, முதியோருக்கான உதவி எண் 14567. மனநல ஆலோசனைக்கு டெலி மானஸ் 14416. இரண்டுமே இலவசம். டாக்டரிடம் போகும் முன் ஒரு நோட்டில் எழுதிக்கொள்ளுங்கள்: மறதி எப்போது தொடங்கியது, எந்த மாத்திரைகள் சாப்பிடுகிறார், கீழே விழுந்தாரா, காது கேட்கிறதா, இரவில் தூங்குகிறாரா. நீங்கள் எத்தனை மணி நேரம் தூங்குகிறீர்கள் என்பதையும் அதே பக்கத்தில் எழுதி, டாக்டரிடம் வாசித்துக் காட்டுங்கள்.