காற்புள்ளி எங்கே விழுகிறது?

"கண்ணன் மாமா வீட்டுக்குப் போனான்." இதைப் பலகையில் எழுதி, போனது யார் என்று கேட்டால் இரண்டு விடைகள் வரும். 'கண்ணன்' என்பதையடுத்து ஒரு காற்புள்ளி இட்டால் போனவன் கண்ணன். இடாவிட்டால், யாரோ ஒருவன் கண்ணன் மாமாவின் வீட்டுக்குப் போனதாகவும் கொள்ளலாம். "நேற்று வந்த மாணவியின் அண்ணன்" என்பதிலும் இதே சிக்கல். வந்தது மாணவியா, அண்ணனா?

இத்தகைய சிக்கலைத் தீர்க்கப் பழகும் வாய்ப்போ குறைவு. மலேசியாவில், பண்டமாரானிலும் கிள்ளானின் பிற பகுதிகளிலும் தமிழ்ப்பள்ளியில் ஆறாண்டு படித்த பிள்ளைகள் தேசிய இடைநிலைப்பள்ளிக்குப் போனதும் தமிழ் ஒரு பாடமாகச் சுருங்கிவிடுகிறது. 1996ஆம் ஆண்டுக் கல்விச் சட்டப்படி, குறைந்தது 15 மாணவர்களின் பெற்றோர் கேட்டால்தான் அந்த வகுப்புக்கும் வழியுண்டு. ஆறாம் ஆண்டில் எழுதிய யு.பி.எஸ்.ஆர். தேர்வு 2021இலும் மூன்றாம் படிவத்தில் எழுதிய பி.டி.3 தேர்வு 2022இலும் நிறுத்தப்பட்டன. ஆக, ஐந்தாம் படிவத்தில் எஸ்.பி.எம். எழுதும்வரை மாணவரின் வாக்கியத்தைத் திருத்த வகுப்பாசிரியரை விட்டால் ஆளில்லை.

நாள் முழுதும் மலாயில் படித்து எழுதுபவருக்கு அந்த மொழியின் அமைப்பு கையோடு வருவது இயல்பு. மலாயில் வினை நடுவில் நிற்கும். ஒருமைக்கும் பன்மைக்கும் மாறாது. தமிழில் வினைமுற்று கடைசியில் வந்து, எழுவாய்க்கேற்ற விகுதியும் பெற வேண்டும். "மாணவர்கள் ஓடியது" என்று எழுதும் பிள்ளையை அலட்சியக்காரர் என்று ஒதுக்குவது நியாயமில்லை. அவருக்கு அந்த வேறுபாட்டை யாராவது எடுத்துக்காட்ட வேண்டும்.

நிறுத்தக்குறிகளைத் தனிப் பாடமாக, ஒரு பட்டியலாக நடத்துவதில் பயன் குறைவு. குறியில்லாத பத்தி ஒன்றைக் கொடுத்துப் புள்ளி வைக்கச் சொன்னால் மாணவர் ஊகிக்கத்தான் செய்வார். ஓலைச்சுவடியில் இக்குறிகளே கிடையாது. 1848இல் வண்ணார்பண்ணையில் சைவப்பிரகாச வித்தியாசாலையைத் தொடங்கிய யாழ்ப்பாணம் நல்லூர் ஆறுமுக நாவலர் (1822–1879), ஐரோப்பியக் குறிகளைத் தம் உரைநடையில் முறையாகக் கையாண்டார். அதற்கு முன்பும் தமிழ் படிக்கப்பட்டதே, எப்படி? 'உம்', 'என்று', எச்சம், வினைமுற்று ஆகியவை அந்த வேலையில் பெரும்பகுதியைச் செய்தன. இன்றும் செய்கின்றன.

அதனால் வினையெச்சத்திலிருந்து தொடங்குவது நல்லது. "எழுந்தேன். குளித்தேன். பேருந்தில் ஏறினேன்." மூன்று முற்றுப்புள்ளிகள். "எழுந்து, குளித்து, பேருந்தில் ஏறினேன்" என்று சேர்த்ததும் இரண்டு புள்ளிகள் காற்புள்ளியாகிவிடும்; முற்றுப்புள்ளி ஒன்றே மிஞ்சும். வினை எங்கே முடிகிறது என்று கண்டுகொண்ட மாணவருக்குப் புள்ளி வைக்குமிடமும் விளங்கும். "அம்மா, அப்பா மற்றும் தம்பி" என்று எழுதுபவரிடம் "அம்மாவும் அப்பாவும் தம்பியும்" என்று எழுதிக் காட்டலாம். 'உம்' வந்த இடத்தில் காற்புள்ளி தேவைப்படாது.

நேர்கூற்று, அயற்கூற்றுப் பயிற்சி இன்னும் வளமானது. தேர்வுக்கென்று அவசரமாக முடித்துவிடாமல், நான்காம் படிவத்தில் இதற்குச் சில வாரங்களாவது ஒதுக்கலாம். வீட்டில் கேட்ட பேச்சே போதும்: அம்மா, "நான் இரவுச் சந்தைக்குப் போகிறேன்" என்றார். இதை அயற்கூற்றாக்கினால்: அம்மா, தாம் இரவுச் சந்தைக்குப் போவதாகச் சொன்னார். மேற்கோள்குறி மறைந்ததும் 'நான்' என்பது 'தாம்' ஆகிறது. 'போகிறேன்' என்ற முற்று 'போவதாக' என்று மாறுகிறது. குறியும் வாக்கிய அமைப்பும் சேர்ந்தே மாறுவதை மாணவர் தம் கையெழுத்திலேயே பார்த்துவிடுகிறார்.