பழைய வண்டிக்குப் புது டாஷ்போர்டு

வண்டியில் ஏறுகிறோம். சாவியைத் திருப்புகிறோம். சிவப்பு விளக்கு எரிகிறது. எஞ்சின் ஓடத் தொடங்கியதும் அது அணைகிறது. ஹாரனை அழுத்தினால் சத்தம் வருகிறது. சுவிட்சைப் போட்டால் முன் விளக்கு எரிகிறது.

டிரைவரின் கண்ணுக்குத் தெரிவது நாலு மீட்டர், நாலு சுவிட்ச். அதைத்தான் டாஷ்போர்டு என்கிறோம். அதன் பின்னால் என்ன இருக்கிறது? வயர் இருக்கிறது. கட்டுக் கட்டாக இருக்கிறது. உடம்பில் நரம்பு ஓடுவது போல வண்டி முழுவதும் ஓடுகிறது.

பெங்களூரிலிருந்து ஓசூர் போகும் சாலையில் பொம்மசந்திரா இருக்கிறது. ஆனேக்கல் வட்டத்தைச் சேர்ந்த ஊர். பெரிய தொழிற்பேட்டை உள்ள இடம். இங்கிருந்து சரக்கு ஏற்றிய டெம்போக்கள் நாள் முழுவதும் ஜிகணிக்கும் ஓசூருக்கும் ஓடுகின்றன. அவற்றில் இருபது வருடம் ஓடிய வண்டிகளும் உண்டு. எஞ்சினைப் பிரித்து வேலை பார்த்திருப்பார்கள். பாடிக்குப் பெயிண்ட் அடித்திருப்பார்கள். வயரிங் மட்டும் பழையதாகவே இருக்கும். வண்டி நிற்கும் வரை யாரும் அதைத் திரும்பிப் பார்ப்பதில்லை.

வயர் கெடுவது எப்படித் தெரியும்? ஹாரன் அடித்தால் விளக்கு மங்கும். இண்டிகேட்டர் போட்டால் வேறு விளக்கும் சேர்ந்து மினுக்கும். டீசல் மீட்டரின் முள் ஆடிக்கொண்டே இருக்கும். டாஷ்போர்டுக்குள்ளிருந்து பிளாஸ்டிக் கருகும் வாசனை வரும். இந்த வாசனை வந்தால் வண்டியை உடனே ஓரம் கட்ட வேண்டும். எஞ்சினை நிறுத்த வேண்டும். பேட்டரி வயரைக் கழற்ற வேண்டும். டெலிவரி கொடுத்துவிட்டுப் பார்த்துக்கொள்ளலாம் என்று ஓட்டக் கூடாது.

எஞ்சின் சூட்டில் வயரின் மேல்தோல் காய்ந்து வெடிக்கும். எலி கடிக்கும். மழைத் தண்ணீர் இறங்கினால் உள்ளே இருக்கும் செம்பு பச்சைக் களிம்பு பிடிக்கும். இதெல்லாம் வயதால் வருவது. மனிதர் செய்வது வேறு. ரேடியோவுக்கு ஒரு வயர், மின்விசிறிக்கு ஒரு வயர் என்று கிடைத்த இடத்தில் முறுக்கி டேப் சுற்றிவிடுவார்கள். சாமி படத்துக்குச் சீரியல் விளக்கும் அப்படித்தான் வரும். சாமி கோபிக்க மாட்டார். வயர் கோபிக்கும்.

பியூஸ் எதற்கு?

வண்டிக்காரர்கள் எலெக்ட்ரீஷியன் கடையில் பேசும் பேச்சு பெரும்பாலும் இப்படி இருக்கும்.

"அண்ணா, பியூஸ் அடிக்கடி போகுது. ஒரு கம்பி சுத்திக் குடுத்துடுங்க. லோடு நிக்குது."

"கம்பி சுத்தினா பியூஸ் போகாது தம்பி. வண்டி போயிடும். பரவாயில்லையா?"

இது விளையாட்டுப் பேச்சு அல்ல. பியூஸ் பல்பைக் காப்பாற்ற வைத்தது என்று பலர் நினைக்கிறார்கள். அது வயரைக் காப்பாற்ற வைத்தது. வயர் தாங்கும் அளவுக்கு மேல் மின்சாரம் ஓடினால் வயர் சூடாகும். மேல்தோல் உருகும். பக்கத்து வயரும் உருகும். பிறகு தீ. அதற்கு முன்னால் பியூஸ் தன் கம்பியை எரித்துக்கொண்டு மின்சாரத்தை நிறுத்துகிறது. அதன் இடத்தில் செம்புக் கம்பியோ சிகரெட் பெட்டியின் வெள்ளித்தாளோ வைத்தால் என்ன ஆகும்? அது எரியாது. அடுத்துள்ள வயர் எரியும்.

எவ்வளவு மின்சாரம் ஓடுகிறது என்று நாமே கணக்குப் போடலாம். வாட்டை வோல்ட்டால் வகுத்தால் ஆம்பியர் வரும். சரக்கு டெம்போவில் பேட்டரி 12 வோல்ட். பெரிய லாரி, பஸ் சிலவற்றில் 24 வோல்ட். முன் விளக்கு பல்பு ஒன்று 60 வாட். 60-ஐ 12-ஆல் வகுத்தால் 5. ஒரு விளக்குக்கு 5 ஆம்பியர். இரண்டுக்கும் சேர்த்து 10 ஆம்பியர். வெளிச்சம் போதவில்லை என்று 100 வாட் பல்பு போட்டால்? இரண்டுக்கும் சேர்த்து ஏறக்குறைய 17 ஆம்பியர். வயரும் சுவிட்சும் பழையவைதான். அவை 10 ஆம்பியரை எண்ணிப் போட்டவை. எதிரே வருகிறவரின் கண்ணும் கூசும்.

புது வயரிங்கில் 1 சதுர மில்லிமீட்டர் வயருக்கு 10 ஆம்பியர் பியூஸ் போடலாம். 1.5-க்கு 15. 2.5-க்கு 20. இதற்கு மேல் போகாமல் இருப்பது நல்லது. வெளிச்சமும் ஹாரனும் ஒரே பியூஸில் இருக்கக் கூடாது. இடது முன் விளக்குக்கு ஒரு பியூஸ், வலது முன் விளக்குக்கு ஒரு பியூஸ் என்று பிரிக்க வேண்டும். இரவில் ஓசூர் சாலையில் இரண்டு விளக்கும் ஒரே நேரத்தில் அணைந்தால் டிரைவர் என்ன செய்வார்?

இப்போது கிடைக்கும் தட்டை பியூஸை நிறத்தை வைத்தே தெரிந்துகொள்ளலாம். சிவப்பு 10 ஆம்பியர். நீலம் 15. மஞ்சள் 20. பச்சை 30. பழைய வண்டியில் இருக்கும் நீள பியூஸில் நிறக்கணக்கு வேறு. அதில் வெள்ளை 8, சிவப்பு 16, நீலம் 25. நிறத்தை மட்டும் நம்பினால் ஏமாறுவோம். மேலே அச்சிட்டிருக்கும் எண்ணைப் படிக்க வேண்டும்.

கழற்றுவதற்கு முன்

முதலில் பேட்டரி. கறுப்பு வயரை, அதாவது மைனஸ் முனையை முதலில் கழற்ற வேண்டும். ஏன்? வண்டியின் பாடி முழுவதும் மைனஸோடு சேர்ந்தது. பிளஸ் முனையை முதலில் கழற்றும்போது ஸ்பேனர் பாடியில் பட்டால் அந்த நொடியே நூற்றுக்கணக்கான ஆம்பியர் பாயும். ஸ்பேனர் பழுக்கும். பேட்டரி வெடிக்கவும் செய்யும். மைனஸ் ஏற்கெனவே கழன்றிருந்தால் இந்த ஆபத்து இல்லை. திரும்ப மாட்டும்போது மைனஸ் கடைசியில். கையில் மோதிரம், காப்பு, வாட்ச் இருந்தால் கழற்றி வைத்துவிட வேண்டும்.

அடுத்து, ஒரு வயரைக்கூட இன்னும் பிடுங்கக் கூடாது. ஒரு தாளும் பேனாவும் எடுக்க வேண்டும். ஒவ்வொரு வயருக்கும் ஒரு எண் கொடுத்து, வெள்ளை டேப்பில் எழுதி, வயரில் ஒட்ட வேண்டும். தாளிலும் அதே எண். 1, சாவி சுவிட்சுக்குப் பேட்டரியிலிருந்து வரும் வயர். 2, ஹாரன். 3, டீசல் மீட்டர். இப்படியே முப்பது, நாற்பது வரை போகும். இதற்கு ஒரு மணி நேரம் ஆகும். இந்த ஒரு மணி நேரத்தை மிச்சம் பிடிக்கிறவர் பிறகு இரண்டு நாள் தேடுவார்.

நிறம் போதாதா? போதாது. இருபது வருட எண்ணெய்ப் பிசுக்கில் சிவப்பும் மஞ்சளும் ஒரே பழுப்பாகியிருக்கும். இன்னொன்றும் உண்டு. பொம்மசந்திரா பட்டறையில் ஒருவர் தமிழில் கறுப்பு என்பார். ஒருவர் கன்னடத்தில் கப்பு என்பார். கெம்பு என்றால் சிவப்பு, ஹளதி என்றால் மஞ்சள். இந்தி பேசும் உதவியாளர் லால் என்பார். எண் 7 என்று எழுதினால் எல்லோருக்கும் 7-தான்.

சுவிட்சின் அடியிலும் ரிலேயின் அடியிலும் சின்ன எண்கள் அச்சிட்டிருப்பதைப் பார்க்கலாம். ஜெர்மனியில் வகுத்த தர எண்கள் இவை. 30 என்றால் பேட்டரியிலிருந்து நேராக வருவது. சாவி போடாமலும் அதில் மின்சாரம் இருக்கும். 15 என்றால் சாவி திருப்பிய பின் வருவது. 50 ஸ்டார்ட்டருக்குப் போவது. 31 எர்த். எல்லாப் பழைய வண்டியிலும் இவை இருக்கும் என்று சொல்ல முடியாது. இருந்தால் பாதி வேலை முடிந்தது.

புதுப் பேனல்

பழைய பேனலையே அளவாக வைத்து, 2 மில்லிமீட்டர் அலுமினியத் தகட்டில் புதிதாக வெட்டலாம். சிறிய மீட்டர்களுக்கு 52 மில்லிமீட்டர் ஓட்டை பொதுவான அளவு. ஆனாலும் மீட்டரைக் கையில் வைத்துக்கொண்டு அளந்த பிறகே ஓட்டை போட வேண்டும். வயர் நுழையும் ஓட்டைக்கு ரப்பர் வளையம் கட்டாயம். தகட்டின் விளிம்பு கத்தி மாதிரி. வண்டி குலுங்கக் குலுங்க வயரை அறுத்துவிடும். பேனலை முன்னால் இழுத்துப் பார்க்கும் அளவுக்கு வயரில் ஒரு சாண் தளர்ச்சி விடவும் வேண்டும்.

மீட்டர், சுவிட்ச், ரிலே எல்லாம் பெங்களூரில் ஜே.சி. ரோட்டில் கிடைக்கும். வாகன உதிரி பாகங்களுக்குப் பேர்போன தெரு அது. பொம்மசந்திரா வரை மெட்ரோ ரயில் 2025 ஆகஸ்டில் வந்துவிட்டதால் ஒரு பியூஸ் பெட்டிக்காக வண்டியை எடுத்துக்கொண்டு நெரிசலில் நிற்க வேண்டியதில்லை.

டீசல் மீட்டர் வாங்கும்போது கவனம் வேண்டும். டாங்கிக்குள் ஒரு மிதவை இருக்கிறது. மிதவை சொல்வதைத்தான் மீட்டர் காட்டுகிறது. இரண்டும் ஒரே கணக்கில் பேச வேண்டும். அழகாக இருக்கிறது என்று வேறு மீட்டரை வாங்கி மாட்டினால் டாங்கி நிறைந்திருக்கும்போது காலி என்று காட்டலாம்.

சிவப்பு சார்ஜ் விளக்கு இன்னும் முக்கியம். அது வெறும் அறிவிப்பு விளக்கு என்று எண்ண வேண்டாம். பல பழைய வண்டிகளில் அந்தப் பல்பு வழியாகப் போகும் சிறு மின்சாரம்தான் ஆல்டர்னேட்டரை எழுப்பிவிடுகிறது. (சிலர் ஆல்டர்னேட்டரை இன்னும் டைனமோ என்றே சொல்கிறார்கள்.) புதுப் பேனலில் அந்தப் பல்பை விட்டுவிட்டாலோ, அதற்குப் பதில் சின்ன எல்.இ.டி. வைத்தாலோ, பேட்டரி சார்ஜ் ஏறாமல் போகலாம். புதுப் பேட்டரி வாங்கிப் போட்டாலும் இரண்டு நாளில் இறங்கிவிடும். குற்றம் பேட்டரியில் இல்லை.

பழைய ஆம்பியர் மீட்டரை எடுத்துவிட்டு வோல்ட் மீட்டர் வைப்பது நல்ல மாற்றம். ஆம்பியர் மீட்டர் இருந்தால் வண்டியின் மின்சாரம் ஏறக்குறைய முழுவதும் டாஷ்போர்டு வரை வந்துதான் போக வேண்டும். தடித்த வயர், பெரும்பாலும் பியூஸே இல்லாமல் வரும். வோல்ட் மீட்டருக்கு மெல்லிய வயரும் சின்ன பியூஸும் போதும். எஞ்சின் நிற்கும்போது 12.6 காட்டினால் பேட்டரி நிறைந்திருக்கிறது. ஓடும்போது 14-ஐ ஒட்டிக் காட்ட வேண்டும். 15-ஐத் தாண்டினால் சார்ஜ் அதிகம். ஓடும்போதும் 12-லேயே நின்றால் சார்ஜ் வரவில்லை.

முன் விளக்குக்கும் ஹாரனுக்கும் ரிலே வைப்பது அடுத்த வேலை. ரிலே என்பது வேலையாளை வைத்துக் கதவு திறப்பது போல. டாஷ்போர்டு சுவிட்ச் வழியாகக் கால் ஆம்பியருக்கும் குறைவாகவே போகும். அது ரிலேயைத் தட்டி எழுப்பும். பெரிய மின்சாரம் பேட்டரியிலிருந்து பியூஸ் வழியாக, ரிலே வழியாக, நேரே விளக்குக்குப் போய்விடும். 30-இல் வருவது 87-இல் வெளியேறும். 85, 86 இரண்டும் ரிலேயை எழுப்பும் முனைகள். சுவிட்ச் இனிச் சூடாகாது. விளக்கும் முன்னைவிட வெளிச்சமாக எரியும். 100 வாட் பல்பு தேவைப்படாது.

இணைப்புகளை முறுக்கி டேப் சுற்றக் கூடாது. டேப்பின் பசை ஒரு வெயில் காலத்தில் வழிந்துவிடும். வயர் நுனிக்கு அளவான திம்பிள் போட்டு, அதற்கான கட்டிங் பிளேயர் அல்ல, கிரிம்பிங் பிளேயரால் அழுத்த வேண்டும். எர்த் வயர் மாட்டும் இடத்தில் பெயிண்டைச் சுரண்டி இரும்பு தெரிய வேண்டும். இண்டிகேட்டரோடு வேறு விளக்கும் மினுக்குகிறது என்றோமே, அதற்குப் பெரும்பாலும் காரணம் துருப்பிடித்த இந்த ஒரு போல்ட்தான்.

மோட்டார் படகு வைத்திருப்பவர்களுக்கும் இதே வேலைதான். ஆனால் ஒரு வித்தியாசம் உண்டு. படகு மரம் அல்லது ஃபைபர். பாடி வழியாக எர்த் வராது. ஒவ்வொரு விளக்குக்கும் ஒரு கறுப்பு வயர் பேட்டரி மைனஸ் வரை தனியாக ஓட வேண்டும். கடல் காற்று செம்பை அரிப்பதால் ஈயம் பூசிய வயர் போடுவார்கள். பெட்ரோல் எஞ்சின் உள்ள படகில் பெட்ரோல் ஆவி காற்றைவிடக் கனமானது. படகின் அடியில் தங்கும். ஒரு சின்னப் பொறி போதும். கரையில் தீப்பிடித்தால் இறங்கி ஓடலாம். நடுக்கடலில் எங்கே ஓடுவது?

சோதனை

எல்லாம் மாட்டியாயிற்று. பேட்டரியை உடனே இணைத்துவிடக் கூடாது. ஒரு 12 வோல்ட் இண்டிகேட்டர் பல்பு எடுக்க வேண்டும். 21 வாட் பல்பு. அதன் ஒரு வயரைப் பேட்டரியின் மைனஸ் முனையிலும் மறு வயரைக் கழற்றி வைத்த கறுப்புக் கேபிளிலும் பிடிக்க வேண்டும். சாவி போடக் கூடாது. எல்லா சுவிட்சும் அணைந்திருக்க வேண்டும்.

பல்பு எரியவில்லையா? நல்லது. ரேடியோ இருந்தால் லேசாகச் சிவக்கலாம். அதுவும் சரி. பல்பு முழு வெளிச்சத்தில் எரிந்தால் எங்கோ ஒரு வயர் பாடியைத் தொடுகிறது. பயம் இல்லை. பல்பு நடுவில் இருப்பதால் இரண்டு ஆம்பியருக்கு மேல் ஓடாது. வயர் கருகாது. எல்லா பியூஸையும் கழற்றிவிட்டு ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்த்தால், எந்த பியூஸைப் போடும்போது பல்பு எரிகிறதோ அந்த வழியில்தான் குற்றம். பியூஸ் ஒன்றும் இல்லாதபோதே எரிந்தால், பியூஸ் பெட்டிக்கு வரும் வயரைப் பார்க்க வேண்டும்.

எல்லாம் சரியான பிறகு மைனஸை முறுக்கலாம். முதலில் பார்க் விளக்கு, பிறகு முன் விளக்கு, ஹாரன், வைப்பர், கடைசியில் ஸ்டார்ட்டர். எஃப்.சி.க்குப் போனாலும் விளக்கையும் ஹாரனையும் போட்டுக் காட்டச் சொல்வார்கள்.

எண் எழுதிய தாளைத் தூக்கி எறிய வேண்டாம். ஒரு பிளாஸ்டிக் உறையில் போட்டுப் பேனலின் பின்புறம் ஒட்டிவிடலாம். தேதியையும் மேலே எழுதலாம். ஐந்து வருடம் கழித்து அந்த வண்டியைத் திறப்பவர் வேறு ஆளாகக்கூட இருப்பார்.