கையும் பேசட்டும், வாயும் பேசட்டும்



காது கேளாத பிள்ளைகளின் பெற்றோர் எங்களிடம் அடிக்கடி கேட்கும் கேள்வி ஒன்று உண்டு. "சைகை பழக்கினால் பிள்ளைக்குப் பேச்சு வராமல் போய்விடுமாமே, மெய்தானா?" சில வீடுகளில் பிள்ளை கையை அசைத்தாலே தட்டிவிடுகிறார்கள். இந்தப் பயம் எப்படி வந்தது, அது சரிதானா என்பதை இங்கே விளக்க விரும்புகிறோம்.

1880ஆம் ஆண்டு இத்தாலியின் மிலான் நகரில் காது கேளாதோருக்குக் கற்பிக்கும் ஆசிரியர்களின் மாநாடு கூடியது. அதில் காது கேளாத ஆசிரியர்கள் இருந்ததே அரிது. பேச்சே மேலானது, சைகையைப் பள்ளியிலிருந்து விலக்க வேண்டும் என்று அங்கே தீர்மானித்தார்கள். அதன் பின் பல நாடுகளில் வகுப்பறையில் பிள்ளைகளின் கைகள் கட்டுப்பட்டன. 130 ஆண்டுகள் கழித்து, 2010இல் கனடாவின் வான்கூவரில் கூடிய அதே வரிசை மாநாடு அந்தத் தீர்மானங்களைத் தள்ளி, வருத்தமும் தெரிவித்தது.

மிலான் மாநாடு முடிந்து இருபது ஆண்டுகள் ஆகுமுன்னே, நம் பாளையங்கோட்டையில் பிளாரன்ஸ் சுவைன்சன் அம்மையார் என்ற மிஷனெரி காது கேளாத பிள்ளைகளுக்கென்று ஒரு பள்ளியைத் தொடங்கினார். அவர் பெயரைத் தாங்கிய அந்தப் பள்ளி, தெற்கே எத்தனையோ கிராமத்துப் பிள்ளைகளுக்கு எழுத்தறிவு தந்திருக்கிறது.

பேச்சுப் பயிற்சி வேண்டியதுதான். ஆனால் உதட்டைப் பார்த்து மட்டும் தமிழைக் கற்பது எவ்வளவு கடினம் என்பதை நீங்களே சோதித்துப் பாருங்கள். கண்ணாடி முன் நின்று, சத்தமில்லாமல் "மாடு" என்றும் "பாடு" என்றும் சொல்லுங்கள். இரண்டுக்கும் உதடு ஒரே மாதிரிதான் அசையும். "க" தொண்டைப் பக்கம் பிறக்கிறது, கண்ணுக்கே தெரியாது. கேட்டுப் பழகிய நமக்கே இப்படியென்றால், ஒரு சொல்லையும் கேட்டிராத பிள்ளைக்கு எப்படியிருக்கும்?

இன்று கருவிகள் பெருகியிருக்கின்றன. காதுக்குள் பொருத்தும் காக்ளியர் கருவிக்கான அறுவை சிகிச்சை, தமிழகத்தில் ஆறு வயதுக்குட்பட்ட பிள்ளைகளுக்கு முதலமைச்சரின் காப்பீட்டுத் திட்டத்தில் செய்யப்படுகிறது. ஆனால் கருவி சத்தத்தைத்தான் கொடுக்கும், மொழியைக் கொடுக்காது. பல ஆண்டுப் பயிற்சிக்குப் பிறகே சத்தம் சொல்லாகும். சிலருக்குப் பேச்சு நன்றாக வரும். சிலருக்கு ஓரளவுதான் வரும்.

இங்கேதான் ஆபத்து இருக்கிறது. மொழி மூளையில் வேரூன்றுவது முதல் ஐந்து ஆண்டுகளில். "பேச்சு வரட்டும், அதுவரை சைகை வேண்டாம்" என்று காத்திருந்தால், பேச்சும் வராமல் சைகையும் இல்லாமல் அந்த ஆண்டுகள் போய்விடும். பிறகு வாசிப்பு, கணக்கு, நட்பு எல்லாமே தடுமாறும். இந்த இழப்பைப் பின்னால் முழுவதும் ஈடுசெய்ய முடியாது.

சைகை வெறும் ஜாடை அல்ல. அதற்குத் தனி இலக்கணம் உண்டு என்பதை 1960இல் வில்லியம் ஸ்டோக்கி என்ற அறிஞர் அமெரிக்கச் சைகை மொழியை ஆராய்ந்து எடுத்துக்காட்டினார். இந்தியச் சைகை மொழிக்கென டில்லியில் 2015இல் மத்திய அரசு ஒரு மையம் அமைத்தது. சைகை கற்பதால் பேச்சு கெடும் என்பதற்கு ஆதாரமில்லை. சைகையால் "தண்ணீர்" என்பதை அறிந்த பிள்ளைக்கு, அந்தச் சொல்லை வாயால் சொல்லிக்கொடுப்பதும் எழுதிக்காட்டுவதும் எளிது.

ஆகவே ஒன்றைக் கொடுத்து மற்றொன்றைப் பறிக்க வேண்டாம் என்பதே எங்கள் ஆலோசனை. குழந்தையின் செவித்திறனைச் சீக்கிரம் சோதியுங்கள். கருவி போடுங்கள், பேச்சுப் பயிற்சிக்குத் தவறாமல் அழைத்துச் செல்லுங்கள். அன்றே சைகையும் தொடங்குங்கள். எது எவ்வளவு என்பதை அந்தப் பிள்ளையின் வளர்ச்சியைப் பார்த்துத் தீர்மானிக்கலாம்.

காது கேளாத பிள்ளைகளில் பத்தில் ஒன்பது பேருக்கு மேல் கேட்கும் பெற்றோருக்கே பிறக்கிறார்கள். விடுதியில் கைகளால் கலகலவென்று பேசும் பிள்ளை, விடுமுறைக்குச் சாத்தான்குளம் பக்கத்து வீட்டுக்கு வந்ததும் ஊமையாகிவிடக் கூடாது. தாயும் தகப்பனும் ஆச்சியும் சைகை கற்க வேண்டும். சபையிலும் சிலர் கற்க வேண்டும்.

சகரியா பேச்சிழந்திருந்தபோது உறவினர் அவரிடம் சைகையால் கேட்டார்கள். அவர் பலகையில் எழுதினார். பின்பு வாய் திறந்தது. லூக்கா முதல் அதிகாரத்தில் வாசிக்கிறோம். அந்த வீட்டில் சைகைக்கும் எழுத்துக்கும் பேச்சுக்கும் இடமிருந்தது. உங்கள் தெருவில் கூப்பிட்டால் திரும்பிப் பார்க்காத குழந்தை இருந்தால், "போகப் போகச் சரியாகும்" என்று விட்டுவிடாமல் இந்த மாதமே பரிசோதனைக்கு அனுப்பிவையுங்கள்.