இரண்டாம் அணிக்கு இல்லம் எங்கே?



சென்ற போயா தினத்தன்று மாலை கொட்டாஞ்சேனையில் ஓர் ஒழுங்கை வழியே நடந்து சென்றேன். சிறுவர் சிலர் மென்பந்து கொண்டு துடுப்பாட்டம் ஆடிக்கொண்டிருந்தனர். ஒரு பக்கத்தார் தம்மைக் கொழும்பு அணி என்றும், மறுபக்கத்தார் யாழ்ப்பாண அணி என்றும் அழைத்துக்கொண்டனர். என்னை அடையாளங்கண்ட மாணவன் ஒருவன் ஓடி வந்து, "சேர், யாழ்ப்பாண ரீம் நாலு தரம் கப் எடுத்தது. யாழ்ப்பாணத்திலை எத்தினை மட்ச் விளையாடினது?" என்று கேட்டான். "ஒன்றுமில்லை, தம்பி" என்றேன். "அப்ப ஏன் சேர் அது யாழ்ப்பாண ரீம்?" என்றான். அதற்கு நான் அன்று கூறிய விடை எனக்கே நிறைவளிக்கவில்லை. ஆகவே அவ்வினாவையே இன்று உங்கள் முன் வைத்து ஆராய விழைகின்றேன்.

முதலில் நடந்தவற்றைச் சுருக்கமாகக் கூறிவிடுகின்றேன். லங்கா பிரீமியர் லீக் என்னும் தொழில்முறைத் துடுப்பாட்டத் தொடர் 2020 ஆம் ஆண்டில் தொடங்கியது. யாழ்ப்பாணத்தின் பெயரைத் தாங்கிய அணி முதலாம் ஆண்டில் ஸ்டாலியன்ஸ் என்றும், மறு ஆண்டிலிருந்து கிங்ஸ் என்றும் அழைக்கப்பட்டது. 2020, 2021, 2022, 2024 ஆகிய நான்கு ஆண்டுகளில் அவ்வணியே கிண்ணத்தை வென்றது. 2020 இல் தொற்றுநோய் காரணமாக ஆட்டங்கள் யாவும் அம்பாந்தோட்டையில், பார்வையாளர் இன்றி நடைபெற்றன. பிந்திய ஆண்டுகளில் கொழும்பு, பல்லேகலை, தம்புள்ளை ஆகிய இடங்களும் சேர்ந்தன. ஐந்து தொடர்களிலும் யாழ்ப்பாண மண்ணில் ஓர் ஆட்டமேனும் நடைபெறவில்லை.

இதற்காக எவரையும் குறைகூற நான் முன்வரவில்லை. தொழில்முறை ஆட்டத்துக்குத் தேவையானவை பல. இரவு ஆட்டத்துக்கு ஏற்ற மின்னொளிக் கோபுரங்கள், தொலைக்காட்சி ஒளிபரப்புக்கான வசதிகள், பல்லாயிரவர் அமரும் அரங்கு, வெளிநாட்டு வீரர் தங்கும் விடுதிகள் என்பவை ஓர் இரவில் முளைப்பன அல்ல. 2009 ஆம் ஆண்டு வரை போரில் சிக்கியிருந்த பிரதேசம் அது. கொழும்பிலிருந்து புறப்படும் புகையிரதம் யாழ்ப்பாண நிலையத்தை மீண்டும் எட்டியதே 2014 ஒக்டோபரில்தான். ஆகவே, பெரிய அணி வசதி உள்ள இடத்தில் ஆடியது இயல்பே. அவ்வாறாயின் சிறிய அணி எங்கே ஆடவேண்டும்? அதுவே இன்றைய பேச்சின் பொருள்.

சிறிய அணி என்று நான் குறிப்பிடுவது யாதெனில், ஒரு தொழில்முறைக் கழகம் தனது முதல் அணிக்குத் துணையாக வைத்திருக்கும் இரண்டாம் அணியாகும். வயலுக்கு நாற்றங்கால் எப்படியோ, முதல் அணிக்கு இரண்டாம் அணி அப்படி. இளைஞர் அங்கே பயில்வர். காயமுற்றுத் தேறியவர் அங்கே ஆடித் தம் நிலையைச் சோதிப்பர். முதல் அணியில் ஓரிடம் வெறுமையானால் அங்கிருந்தே ஒருவர் அழைக்கப்படுவார்.

இவ்வேற்பாடு நன்கு வேரூன்றிய இடத்தைக் காண வட அமெரிக்காவுக்குச் செல்லவேண்டும். அங்கே பனிக்கட்டித் தளத்தில் ஆடப்படும் ஹொக்கி பெருமதிப்புடைய விளையாட்டு. தேசிய ஹொக்கி லீக்கில் 32 கழகங்கள் உள்ளன. அவை ஒவ்வொன்றுக்கும் அமெரிக்க ஹொக்கி லீக் என்னும் அடுத்த படியில் ஓர் இணை அணி உண்டு. இவ்விரண்டாம் லீக் 1936 ஆம் ஆண்டிலேயே தொடங்கியது. எனவே, இணை அணியை எந்நகரில் நிறுத்துவது என்ற வினாவை அங்குள்ளோர் பல தலைமுறைகளாகக் கேட்டு வருகின்றனர்.

நம்மவர் பெருந்தொகையாக வாழும் ரொறன்ரோ நகரையே எடுத்துக்கொள்வோம். வெள்ளவத்தையில் இப்பேச்சைக் கேட்டுக்கொண்டிருக்கும் இல்லங்கள் பலவற்றுக்கு அங்கே உறவினர் இருப்பர். அந்நகரின் கழகம் மேப்பிள் லீஃப்ஸ். 1991 முதல் 2005 வரை அதன் இணை அணி நியூபவுண்ட்லாந்துத் தீவிலுள்ள சென்ட் ஜோன்ஸ் என்ற துறைமுக நகரில் இருந்தது. இரு நகர்களுக்கும் இடையே 2000 கிலோமீற்றருக்கு மேற்பட்ட தூரம். முதல் அணியில் ஒருவர் காலையில் காயமுற்றால், மாலை ஆட்டத்துக்கு மாற்று வீரரை வரவழைப்பது எளிதன்று. இளைஞரின் ஆட்டத்தைத் தலைமைப் பயிற்றுநர் அடிக்கடி நேரில் காண்பதும் கடினம். ஆகவே 2005 இல் இணை அணி ரொறன்ரோவுக்கே கொண்டுவரப்பட்டு, மார்லீஸ் என்ற பெயர் பெற்றது. இரு அணிகளின் அரங்குகளும் இன்று ஒரே நகருக்குள் சில கிலோமீற்றர் தூரத்தில் உள்ளன. 2018 இல் மார்லீஸ் அணி தனது லீக்கின் கிண்ணத்தையும் வென்றது.

மொன்றியல் கழகமும் இதே வழியிற் சென்றது. 2015 முதல் இரு ஆண்டுகள் அதன் இணை அணியும் சென்ட் ஜோன்ஸ் நகரில் ஆடியது. 2017 இல் மொன்றியலை அடுத்துள்ள லவால் நகருக்கு அதனைக் கொணர்ந்தனர். மேற்குக் கரையிலும் நிலை இதுவே. 2015 ஆம் ஆண்டில், மேற்கிலுள்ள ஐந்து கழகங்கள் தூர நகரங்களில் இருந்த தம் இணை அணிகளை ஒருசேரக் கலிபோர்னியாவுக்கு மாற்றின. தாய் அருகில் இருக்கச் சேய் வளரட்டும் என்பதே இம்மாற்றங்களின் தத்துவம்.

ஆயினும், நேயர்களே, கணக்கின் மறுபக்கத்தையும் நாம் பார்த்தல் வேண்டும். ரொறன்ரோவில் மார்லீஸ் எப்பொழுதும் இரண்டாம் அணியே. சென்ட் ஜோன்ஸ் மக்களுக்கோ, தம் நகரில் ஆடிய அணி இரண்டாம் அணி அன்று. அதுவே முதல் அணி. அத்தீவுச் சிறுவன் ஒருவன், நாளை உலகறியப்போகும் வீரனை இன்று தன் ஊர் அரங்கில் கண்ணாரக் கண்டான். அணி பெயர்ந்தபொழுது கழகத்துக்குப் பயணச் செலவு மிஞ்சியது; சிறுவனுக்கோ அக்காட்சி இல்லாமற்போயிற்று. கழகத்தின் வசதி ஓர் அளவுகோல் என்றால், ஊரின் தேவை மற்றோர் அளவுகோல். ஒன்றை மட்டும் கொண்டு அளப்பவர் பாதியையே அளந்தவராவர்.

இவ்விரு அளவுகோல்களையும் எடுத்துக்கொண்டு நம் நாட்டுக்குத் திரும்புவோம். இங்கே ஒரு விந்தையான வேறுபாடு உண்டு. ரொறன்ரோவில் முதல் அணி ஊரில் இருக்கின்றது. இரண்டாம் அணியை அருகில் அழைத்தனர். யாழ்ப்பாணத்திலோ பெயர் மட்டும் ஊரினுடையது. அணி ஆண்டுக்குச் சில வாரங்கள் தெற்கிலே கூடிக் கலைந்தது. 2022 இல் தேசிய சுப்பர் லீக் போட்டிகளுக்காகக் கொழும்பு, கண்டி, காலி, தம்புள்ளை, யாழ்ப்பாணம் என ஐந்து பெயர்களில் அணிகள் வகுக்கப்பட்டன. பெயர் அங்கும் வந்தது. ஊரில் தங்கும் நாற்றங்கால் வரவில்லை.

யாழ்ப்பாணத்தில் துடுப்பாட்ட ஆர்வம் புதிதன்று. மத்திய கல்லூரிக்கும் பரியோவான் கல்லூரிக்கும் இடையிலான வடக்கின் பெருஞ்சமர் 1904 இல் தொடங்கியது. அப்போட்டியின் மூன்று நாள்களும் நகரமே மைதானத்தில் கூடிவிடும். ஆர்வம் அங்கே, வாய்ப்புக் கொழும்பிலே. முதல்தரக் கழகங்களிற் பல இத்தலைநகரையும் அதன் சுற்றுப்புறத்தையும் இருப்பிடமாகக் கொண்டவை. கொழும்புத் தமிழர் பெருமையுடன் குறிப்பிடும் தமிழ் யூனியன் கழகம் 1899 இல் தோன்றியது. பாக்கியசோதி சரவணமுத்துவின் பெயரைத் தாங்கிய அதன் மைதானத்திலேயே 1982 பெப்ரவரியில் இலங்கை தனது முதலாவது டெஸ்ட் ஆட்டத்தை ஆடியது. கண்டியிற் பிறந்த முத்தையா முரளிதரனும் அக்கழகத்துக்கே ஆடினார். நிலையான ஒரு மைதானம் ஒரு கழகத்துக்கு எத்தகைய வாழ்வைத் தருகிறது என்பதற்கு அதனினும் சிறந்த சான்று வேண்டுவதில்லை. அத்தகைய மைதானத்தை அடைய வடபுலத்து இளைஞன் ஏறத்தாழ 400 கிலோமீற்றர் கடந்து வரவேண்டியுள்ளது.

அவ்வாறு வந்த ஒருவனை நான் அறிவேன். சில ஆண்டுகளுக்கு முன் வடக்கிலிருந்து ஒரு மாணவன் எங்கள் பாடசாலையில் சேர வந்தான். சுழற்பந்து வீச்சில் நல்ல தேர்ச்சி உடையவன். கொழும்பில் இருந்தால்தான் தேர்வாளரின் கண்ணிற் படலாம் என்று எவரோ கூறியதை நம்பி, தாயார் அவனை அழைத்து வந்தார். வெள்ளவத்தையில் சின்னம்மா வீட்டில், முன்கூடத்தில் படுக்கை. காலையில் பாடசாலை, மாலையில் பயிற்சி, இரவில் உயர்தர வகுப்பு. பந்து வீசுவதில் அவன் சோர்ந்ததை நான் கண்டதில்லை. வீட்டு நினைவில் சோர்ந்ததை அடிக்கடி கண்டேன். ஓராண்டு நிறைவதற்குள் தந்தையார் நோயுற்றார். ஒரு வெள்ளிக்கிழமை இரவு காலி வீதியில் யாழ்ப்பாண பஸ் ஏறிச் சென்றவன் மீளவில்லை. இன்று அவன் ஒரு கடையில் கணக்கெழுதுவதாக அறிந்தேன். நேர்மையான தொழிலே, நான் வருந்துவது அதற்காக அன்று. ஆட்டத்தில் தோற்று விலகியவன் அல்லன் அவன், தூரத்திடம் தோற்றவன்.

"வல்லவன் எப்படியும் வருவான்" என்று சிலர் கூறுவர். விஜயகாந்த் வியாஸ்காந்த் வரவில்லையா என்றும் கேட்பர். உண்மை. யாழ். மத்திய கல்லூரி மாணவரான அவர் 2020 டிசம்பரில், பத்தொன்பது வயதை எட்டும் தறுவாயில், யாழ்ப்பாண அணிக்காகக் களமிறங்கி, முதல் விக்கெட்டாக அஞ்சலோ மத்தியூஸை வீழ்த்தினார். 2024 மே மாதத்தில் ஹைதராபாத் அணிக்காக இந்தியன் பிரீமியர் லீக்கிலும் ஆடினார். பெயர் ஊருக்கு வந்ததாற் கிடைத்த பயன் இதுவென்பதை நான் மறுக்கவில்லை. பெயர் மட்டும் வந்தே ஒருவர் உயர்ந்தார் எனின், நாற்றங்காலும் வந்தால் எத்தனை பேர் உயர்வர் என்பதே என் கேள்வி.

இனி, செய்யத்தக்கது யாது? முதல் அணிக்கு வேண்டிய பெரும் அரங்கு இரண்டாம் அணிக்கு வேண்டியதில்லை. அது பகலில் ஆடலாம்; சில நூறு பேர் கண்டால் போதும். அதற்கு வேண்டுவன நல்ல புற்றரை ஆடுகளம், பயிற்சி வலைகள், நிலையாகத் தங்கும் பயிற்றுநர், உணவும் உறைவிடமும், ஆண்டு முழுவதும் ஆட்டங்கள் ஆகியவையே. வடக்கில் நெடுங்காலம் மட்டிங் விரித்த ஆடுகளத்திலேயே பாடசாலை ஆட்டங்கள் நடைபெற்றன. மட்டிங்கில் பந்து எழும் விதம் வேறு, புற்றரையில் வேறு. இவ்வேற்றுமையைக் கொழும்பில் முதன்முறை சந்திக்கும் இளைஞன் தன் திறமையையே ஐயுறுகின்றான். தென்னிலங்கையின் ஆடுகளங்கள் பலவற்றை அமைக்க மன்னார் மாவட்டத்து முருங்கன் களிமண்ணே எடுத்துச் செல்லப்படுகின்றது. வடக்கின் மண் தெற்கே போய் ஆடுகளமாகின்றது. வடக்கின் இளைஞன் அதன்மேல் நிற்கத் தெற்கே வருகின்றான். இதை மாற்றுவது இயலாத செயலா?

எதிரணிகள் யாவும் தெற்கில் இருக்க, ஒரே ஓர் அணியை வடக்கில் வைத்தால் யாருடன் ஆடுவது என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. அதற்கு விடையை வானமே தருகின்றது. மே மாதத்தில் தென்மேற்குப் பருவமழை தொடங்கிக் கொழும்பு மைதானங்கள் நீரில் நிற்கும் காலத்தில், யாழ்ப்பாணத்தில் சோளகம் வீசும், தரை காய்ந்திருக்கும். ஒக்டோபருக்குப் பின்னரே அங்கே பெருமழை. ஆகவே மே முதல் ஓகஸ்ட் வரை இரண்டாம் அணிகளின் ஆட்டங்களை வடக்கில் தொகுத்து வைக்கலாம். வரும் அணி ஒரு பயணத்தில் இரண்டு மூன்று ஆட்டங்களை ஆடித் திரும்பலாம். வடக்கு நனையும் காலத்தில் நம் அணி தெற்கே வரட்டும்.

தண்ணீர்ச் சிக்கலையும் மறைத்துப் பேசுதல் ஆகாது. யாழ்ப்பாணத்தில் வற்றாத ஆறு இல்லை. சுண்ணக்கற் படையில் தேங்கிய நீரையே கிணறுகள் தருகின்றன. அதே நீரைத்தான் தோட்டக்காரரும் நம்பியிருக்கின்றனர். கோடையில் புற்றரையைப் பேணச் செலவாகும். மாரிநீரைத் தேக்கும் வசதியோடு மைதானத்தை அமைத்தாலன்றி இத்திட்டம் ஊருக்கு நன்மையாகாது.

மண்டைதீவில் சர்வதேசத் துடுப்பாட்ட மைதானத்துக்கு 2025 செப்டெம்பர் 1 ஆம் திகதி சனாதிபதி அநுர குமார திசாநாயக்க அடிக்கல் நாட்டினார். மகிழ்ச்சிக்குரிய செய்தி. பெரிய அரங்கு எழுந்தால் பெரிய அணியும் ஒருநாள் வரும். சில இரவுகள் ஒளி வீசும். ஆனால் அந்த ஒளி அணைந்த மறுநாள் காலையில் அங்கே யார் ஆடுவார்? அந்தக் காலைக்காகவே இரண்டாம் அணி வேண்டும். அரங்கு எழும்வரை அது காத்திருக்கவும் வேண்டியதில்லை.

கழகங்களின் உரிமை கைமாறலாம், பெயர்களும் மாறலாம். ஓர் ஊரில் சீராக நடக்கும் பயிற்சிக்களம் எளிதில் மாறாது. கொட்டாஞ்சேனைச் சிறுவனை மீண்டும் சந்திக்கும்போது நான் கூறவிருக்கும் விடை இதுவே: "தம்பி, ஓர் அணி எங்கே கிண்ணம் வென்றது என்பதைக் கொண்டு அதன் ஊரைச் சொல்லிவிட முடியாது. அடுத்த ஆட்டக்காரனை அது எங்கே வளர்க்கின்றதோ, அதுதான் அதன் ஊர்."