மூங்கில் ஊரும் வேனிற்காலத் தூண்டிலும்

பாசு என்பது மூங்கிலுக்குப் பழம்பெயர். அம்மூங்கிலால் பெயர் பெற்ற திருப்பாச்சூரிலிருந்து வடக்கே சில மைல் சென்றால், கொசஸ்தலையாற்றின் குறுக்கே 1944-ஆம் ஆண்டில் கட்டி முடிக்கப்பட்டு, சென்னை மேயராயிருந்த சத்தியமூர்த்தியின் நாமத்தைத் தாங்கி நிற்கும் பூண்டி நீர்த்தேக்கத்தை அடையலாம். சித்திரை, வைகாசியில் ஆறு மணற்பரப்பாகிவிட, ஏரி ஜலமும் கரையை விட்டு உள்வாங்குகிறது.

நீர் சூடேறச் சூடேற அதில் கரைந்திருக்கும் பிராணவாயு குறையும். ஆதலால் நண்பகலில் கெண்டை முதலிய ஜாதிகள் இரையில் சிரத்தையற்றுக் கிடக்க, காற்றையே நேராகச் சுவாசிக்க வல்ல விரால் மட்டும், விடியற்பொழுதில் பாசியை விலக்கி மூக்கை நீட்டி, 'பொளக்' என்று ஒரு வாய் காற்றை விழுங்கி, விரிந்து செல்லும் ஒரு வட்டத்தை விட்டுவிட்டு மறைகிறது. அவ்வட்டத்துக்கு ஒரு முழம் அப்பால், தவளைக்குஞ்சு கோத்த முள்ளை ஓசையின்றி இறக்குவதே நம்மவர் வித்தை. சாதனமோ பெரும்பாலும் ஒரு மூங்கிற்கழிதான்.

முள்ளில் இறகையும் நூலையும் சுற்றி, பூச்சியென மீனை மயக்கும் மேனாட்டு ஈத்தூண்டிலுக்கு நம் ராஜ்யத்தில் உகந்த இடம் நீலகிரியே. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் எச். சி. வில்சன் என்பார் வானவில் டிரவுட்டைக் குடியேற்றிய அவலாஞ்சிப் பகுதி ஓடைகளில் வேனிலிலும் நீர் குளிர்ந்தே ஓடும். அம்மீன், என் அபிப்பிராயத்தில், ஒரு சுகவாசி. பூண்டியின் வெந்நீரில் ஒரு கோடையையும் தாங்காது. விராலோ, சேறு காய்ந்தாலும் ஈரம் உள்ளமட்டும் அதற்குள்ளேயே புதைந்து மழைக்குக் காத்திருக்கும்.